கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூங்கனி

3 ஜனவரி 2025, வெள்ளி

புது டைரி. வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரு டைரி கொடுத்துவிடுகிறார்கள். இவர் எழுத மாட்டார். நான்தான் எழுதித் தீர்க்கிறேன். போன வருஷத்து டைரியில் பாதிப் பக்கம் பால்காரனைத் திட்டியது. இந்த வருஷமாவது நல்ல விஷயமாக எழுதுவோம் என்று உட்கார்ந்தால் — நடக்கவா செய்கிறது?

பேத்திக்குக் காதுகுத்து நாள் குறித்தாயிற்று. பிப்ரவரி பத்து, திங்கட்கிழமை, நம் சாஸ்தா கோவிலில். மகன் பத்மகுமார் மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வருகிறான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? மகள் சிவப்ரியாவும் மருமகனும் திருவனந்தபுரத்திலிருந்து முந்தின வாரமே பிள்ளையோடு வந்துவிடுவார்கள்.

சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே விசேஷத்துக்கு யார் யாரை விளிப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. இவர் திடீரென்று, "ஏட்டி, பூங்கனிய விளிக்காண்டாமா?" என்றார்.

"எந்தப் பூங்கனி?"

"எந்தப் பூங்கனியா? ஒனக்கு எத்தன பூங்கனி உண்டு?"

ஒரே பூங்கனிதான். அதுதானே கஷ்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிவப்ரியாவுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்து இவருக்குக் கால் ஒடிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். வீடு வீடாகப் போய் விளிக்க என்னால் முடியவில்லை. சொந்தக்காரர்களையெல்லாம் என் தம்பி போய்த் தாம்பூலம் வைத்து விளித்தான். பூங்கனி அப்போது மார்த்தாண்டத்தில் மகன் முருகதாஸ் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நானே போன் போட்டேன். மில்லில் இருபது வருஷம் எனக்கு எதிர் மிஷினில் நின்றவளுக்குத் தம்பியை அனுப்பிக் கார்டை நீட்டுவதா? அவள் என்ன அன்னியமா? "ஏட்டி, சிவப்ரியாவுக்குக் கல்யாணம். வாற பதினஞ்சாந்தேதி, வடசேரியில. நீ முந்தின நாள் காய்வெட்டுக்கே வந்திரணும். நமக்குள்ள கார்டு கீர்டு ஒண்ணும் கெடையாது, கேட்டியா" என்றேன். "சரி மக்கா, சரி, சரி. நல்லா இரி" என்றாள். வைத்துவிட்டாள்.

வரவில்லை. காய்வெட்டுக்கும் வரவில்லை, தாலிகட்டுக்கும் வரவில்லை. பந்தியில் என் பக்கத்தில் ஓர் இலை போட்டுக் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போட்டோக்காரர் வந்து உட்கார்ந்து அவள் இலையில் பிரதமன் சாப்பிட்டார். அதற்குப் பிறகாவது ஒரு போன்? 'வர முடியல்ல மக்கா' என்று ஒரு வார்த்தை? ஒன்றும் இல்லை.

இவர் சொல்கிறார்: "நீயாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லா." நான் எதுக்குக் கேக்கணும்? வராதது அவ. நான் எதுக்கு?

விளிக்க மாட்டேன். மையிலேயே எழுதிவிட்டேன்.

6 ஜனவரி, திங்கள்

மத்தியானம் போன் வந்தது. "ஆன்ட்டி, நான் ஜிஷா. செங்கமலா கலை மையத்துலேருந்து பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல். எந்தக் கலை, எந்த மையம் என்று நான் விரட்ட, அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. எங்கள் மில்தான்! செங்கமலா நூல் மில். பூட்டி, முள்ளும் பாம்புமாகக் கிடந்ததை யாரோ வாங்கி, கொச்சியிலிருந்து கட்டடக் கலைஞர்களை வரவழைத்து, கண்காட்சி, நாடக அரங்கு, நூலகம் என்று என்னென்னவோ செய்திருக்கிறார்களாம். ஊருக்குத் திறக்கும் முன்பு பழைய தொழிலாளர்களுக்குக் காட்டுகிறார்களாம். சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கை வேலையில் நிற்கவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. இவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

மில் இருந்த அந்தப் பக்கம் முழுக்க அப்போது புகையும் சங்கும்தான். எங்கள் மில், அடுத்து ஓட்டுக் கம்பெனி, அரிசி ஆலை, ஐஸ் பேக்டரி. எங்கள் சங்கு ஊதினால் வடசேரி சந்தையில் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். இப்போது அந்த ரோட்டில் செல்போன் கடையும் கல்யாண மண்டபமும்தான். ஒவ்வொன்றாக மூடினார்கள். எங்களுடையதுதான் கடைசி.

எங்கள் வீட்டில் நெல் விளைந்த காலத்தில் பெண்பிள்ளையை மில்லுக்கு அனுப்புவது கேவலம். நெல் பொய்த்த பிறகு அது கேவலமாகத் தெரியவில்லை. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அந்த இரைச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர் வரிசையில் நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட ஒருத்தி என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் புரிந்தது. "அழாத ஏட்டி, பழகிரும்."

பழகிவிட்டது.

8 ஜனவரி, புதன்

"பூங்கனியும் வருவாளோ" என்று இவர் கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பால் பொங்கவில்லை.

11 ஜனவரி, சனி

போய்விட்டு வந்தேன். கால் வலிக்கிறது, அதைவிட மற்றது வலிக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

இவரும் கூட வந்தார். வாசலில் நின்று பார்த்ததும், "பூச்சு வேல பாக்கி போலயே" என்றார். சுவருக்குப் பூச்சும் இல்லை, வெள்ளையும் இல்லை. வெறும் கான்கிரீட்டு, பலகை வைத்து அடித்த தடம்கூட அப்படியே தெரிகிறது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்காமல் விரட்டிவிட்டார்களோ என்று நானும் நினைத்தேன். அதுதான் இப்போதைய அழகு என்று ஜிஷா சொன்னாள். குட்டை முடியும் பெரிய கண்ணாடியுமாக நல்ல பிள்ளை. கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போனாள்.

ஆனால் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தேன். கூரை! அதே கூரை. ரம்பப் பல் மாதிரி வரிசை வரிசையாக, வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த கூரை. அந்த வெளிச்சம் மட்டும் மாறவே இல்லை. காலை ஷிப்டில் பஞ்சுத் துகள் அந்த வெளிச்சத்தில் மிதந்து இறங்கும், எல்லார் தலையும் பத்து மணிக்குள் நரைத்துவிடும். இப்போது துகள் இல்லை. தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. மிஷின் நின்ற இடத்தில் ஓவியங்கள். ஈரம் தெளிக்கத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியைக் குளமாக்கி அல்லி விட்டிருக்கிறார்கள். பஞ்சு மூட்டை குடோனில் காப்பிக்கடை. அங்கே போகிறேன் என்று இவர் வேகமாக நடந்து 'டொம்' என்று முட்டிக்கொண்டார். முற்றத்துக்கும் கடைக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சுவர், தரையிலிருந்து கூரை வரை, சட்டமும் இல்லை, ஒரு கோடும் இல்லை. நெற்றி புடைத்துவிட்டது. "காத்துன்னு நெனச்சேன்" என்கிறார். ஐயோ பாவம், சிரிக்கக் கூடாது. சிரித்தேன்.

ஓர் அறை முழுக்க எங்கள் மில்லின் பழைய படங்கள். ஒரு படம் சுவர் அளவுக்கு. ரிங் பிரேம் மிஷின்கள் நிற்கும் பகுதி. அதில் நான்! எலும்பும் தோலுமாக, மேலே காக்கிக் கோட்டு. எதிரே பூங்கனி, வாய் திறந்திருக்கிறது. கீழே எழுதியிருக்கிறார்கள்: 'பாட்டுப் பாடியபடி நூல் நூற்கும் பெண்கள்.'

பாட்டாம்! அந்த இரைச்சலில் யார் பாடினாலும் பாடுகிறவளுக்கே கேட்காதே. நாங்கள் பேசியதெல்லாம் உதட்டாலும் கையாலும்தான். மில்லுப் பேச்சு. ஒரு மாசத்தில் எல்லாரும் படித்துவிடுவோம். ஒவ்வொருத்திக்கும் சத்தமில்லாத ஒரு பெயர். எனக்கு இரட்டை மூக்குத்தி, அதனால் மூக்கு நுனியைத் தொட்டால் பகவதி, அதாவது நான். நெற்றியில் விரலை மேலே இழுத்தால் பூங்கனி, அவள் நாமம். மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு முஷ்டியை ஒன்றோடொன்று முட்டிப் பிறகு விரித்துக் காட்டினால் மிஷின் நின்றுபோச்சு. ஷிப்டு முடியும்போது எந்த வீட்டில் என்ன கறி, எவளுக்கு மாமியார் சண்டை, எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்தப் படத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு அவள் உதட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ஏட்டி, முந்தானை." கோட்டுக்கு வெளியே முந்தானை நுனி வந்துவிட்டால் மிஷின் இழுத்துவிடும். நாளுக்கு நாலு தடவை சொல்வாள். படத்தில் என் கை இடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. படத்துக்கு முன்னால் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். என்னை இப்படிப் பார்த்துக்கொண்டவள்தான் கல்யாணத்துக்கு வரவில்லை.

பக்கத்தில் ஓர் இருட்டு அறை. மூடும் முன்பு யாரோ பதிந்து வைத்த மில் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரில் விடுகிறார்கள். இவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் உள்ளே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை.

வெளியே முற்றத்தில் பழைய ஆட்கள் கூடி நின்றார்கள். கேன்டீன் ஞானபாய் அக்காவை ஒருத்தர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார். அவர்களுக்கு அப்பால், குளத்தைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி — அந்தக் கொண்டையை எனக்குத் தெரியாதா?

என்ன ஆனதோ எனக்கு. மூன்று வருஷக் கோபமும் அந்தப் படத்தின் முன்னாலேயே கரைந்துவிட்டது போல. "பூங்கனி!" என்றேன். திரும்பவில்லை. கிட்டே போய், "ஏட்டி பூங்கனி!" என்று சத்தமாகவே கூப்பிட்டேன். ஞானபாய் அக்கா திரும்பினார்கள், அந்தப் பக்கம் நின்ற காவல்காரர் திரும்பினார். அவள் திரும்பவில்லை. நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். முருகதாஸ் வண்டியோடு நின்றிருந்தான். ஏறினாள். போய்விட்டாள்.

நான் வாயில் பெயரை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அத்தனை பேர் முன்னால்.

12 ஜனவரி, ஞாயிறு

என்னா திமிரு. என்னா திமிரு! ரெண்டடி தூரத்துல நின்னு கத்துதேன், ஒரு பார்வை உண்டா? நான் என்ன செஞ்சேன் அவளுக்கு? அவ வீட்டுல சாவுன்னா நான் போவலியா, அவ மாப்பிள்ள படுத்துக் கெடந்தப்ப கஞ்சி கொண்டு போயி குடுக்கலியா? சவம், போட்டும்.

இவர் நெற்றியில் தைலம் தேய்த்தேன். "பையத் தேய் பைய, எம்மேல எதுக்குக் கோவம்" என்கிறார்.

15 ஜனவரி, புதன்

பொங்கல் முடிந்தது. சிவப்ரியா போனில் பேசினாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க அவங்கள நேர்ல போய் விளிக்கலியே. அதான் அவங்களுக்குக் கோவமா இருக்கும்" என்றாள். அப்படி நினைக்கிறவள் இல்லை பூங்கனி என்றேன். சொன்ன பிறகு யோசித்தேன். அப்படி நினைக்கிறவளோ? மூன்று வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லையே.

19 ஜனவரி, ஞாயிறு

வடசேரி சந்தைக்குப் போனேன். காதுகுத்துக்குக் காய்க்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். நான் எப்போதும் வாங்கும் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு புதுக் கடை, கல்லாவில் முருகதாஸ். மார்த்தாண்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்களாம். ஒழுகினசேரியில் வீடாம். எனக்கு யார் சொன்னார்கள்?

எழுந்து நின்று, "வாங்கோ சித்தி" என்றான். மரியாதைக்குக் குறைவு இல்லை, ஆனால் சிரிப்பு இல்லை.

"அம்மை சொகமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கா. சித்தி, நான் கேக்கேன்னு நெனைக்காதீங்கோ. அம்மைக்கு ஒங்க மேல பெரிய வருத்தம் உண்டு."

"அவளுக்கா? எம்மேலயா?"

அதற்குள் ஒரு மொத்த வியாபாரி வந்து நேந்திரங்காய்க் குலைக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வராமல் இருந்தது அவள், திரும்பாமல் போனது அவள், வருத்தமும் அவளுக்கா? நல்ல கதை! நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முருகதாஸ் பின்னாலேயே வந்தான். "வாற சனிக்கிழம அந்த மில்லுக் கட்டடத்தத் தொறக்காங்க. அம்மைய நான் கொண்டு விடுவேன். நீங்க வந்தா நேர்லயே பேசிருங்கோ. ரெண்டு பேரும் இப்பிடி இருந்தா எப்பிடி?" என்றான்.

போவேன். போய் மூஞ்சிக்கு நேராக ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பதிலைப் பார்த்துக்கொண்டு, விளிப்பதா ஒரேயடியாகத் தலைமுழுகுவதா என்று அன்றைக்கு முடிவு செய்துவிடுவேன். காதுகுத்துக்கு முன்னால் இது ஒரு வழி ஆக வேண்டும்.

24 ஜனவரி, வெள்ளி

கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். தேங்காய் துருவிக்கொண்டே. எல்லாமே அழுகையில் போய் முடிகிறது. அழக் கூடாது, அழுதால் அவள் ஜெயித்துவிடுவாள்.

25 ஜனவரி, சனி

காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரர்கள், வெளியூர்க் கார்கள். இவரைக் காப்பிக்கடைப் பக்கம் போக விடாமல் முன் வரிசையில் உட்கார்த்தினேன். எங்கே தேடியும் பூங்கனி இல்லை. பேச்சு ஆரம்பித்ததும் நான் பைய எழுந்து முற்றத்துக்குப் போனேன்.

அந்தக் கண்ணாடிச் சுவரில் இப்போது வரிசையாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறார்கள். இவர் நெற்றியின் புண்ணியம். அதற்கு அந்தப் பக்கம், காப்பிக்கடைக்குள், ஒரு பெஞ்சில் தனியாகப் பூங்கனி உட்கார்ந்திருந்தாள். நாமம் அதே நாமம். முடி மட்டும் உண்மையாகவே நரைத்துவிட்டது. கையில் காகிதக் கோப்பை, குடிக்கவில்லை.

அவளும் பார்த்துவிட்டாள்.

உள்ளே போகும் வாசல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடியில். நான் சுற்றிப் போவதற்குள் எழுந்து போய்விடுவாளோ என்று தோன்றியது. அப்படியே நின்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கண்ணாடிக்குக் கிட்டே வந்தாள். கையைத் தூக்கி — மூக்கு நுனியைத் தொட்டாள்.

என் பெயர். எத்தனை வருஷம் ஆயிற்று, அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு.

பிறகு உதடு அசைந்தது. "ஏட்டி, ஏன் என்னைய விளிக்கல்ல?"

நான் கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் போன இடம் தெரியவில்லை. "என்னது?" என்றேன், நானும் உதட்டால்தான்.

"மக கல்யாணத்துக்கு. ஊரெல்லாம் விளிச்ச. என்னைய மட்டும் விளிக்கல்ல."

"விளிச்சேன்! போன்ல விளிச்சேன்! சரி மக்கா, சரி சரின்னு நீ சொன்னியே!"

அவள் முகம் அப்படியே நின்றது. என் உதட்டையே பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லு என்பது போலக் கையைச் சுழற்றினாள். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். போன்ல. விளிச்சேன். சரின்னு. சொன்ன.

அவள் காதைத் தொட்டாள். பிறகு இரண்டு முஷ்டியையும் முட்டி, விரல்களை மெதுவாக விரித்தாள்.

மிஷின் நின்றுபோச்சு.

எனக்கு அப்போதுதான் எல்லாம் — அந்த 'சரி சரி', குளத்தங்கரையில் திரும்பாத முதுகு, எல்லாம். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். ஜெயிப்பதாவது தோற்பதாவது. பக்கத்தில் நாலைந்து பேர் வட்டமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். முடிந்ததும் ஒருத்தர் கை தட்டினார்.

சுற்றிக்கொண்டு ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. உட்கார்ந்து பேசினோம். அவள் பேசினால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவு சத்தம். தன் சத்தம் அவளுக்கே தெரிவதில்லை.

"மில்லு மூடின பெறவு கொஞ்சங் கொஞ்சமாட்டு போச்சு மக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. மூஞ்சியப் பாத்தா எனக்கு எல்லாம் வெளங்குமே, மில்லுல படிச்சதுதானே. மகனுக்கே போன வருசந்தான் தெரியும். போனுதான் என்னையக் காட்டிக் குடுத்துரும். அதுல மூஞ்சி இல்லல்லா? அதனால எவரு விளிச்சாலும் சரி சரின்னு சொல்லி வச்சிருவேன்."

"மகன்ட்ட குடுத்துக் கேக்கச் சொல்லப்பிடாதா ஏட்டி?"

"செவிடின்னு தெரிஞ்சிருமே" என்றாள். சட்டென்று குரல் சிறிதாகிவிட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் மெல்லச் சொல்ல எப்படித்தான் தெரிந்ததோ.

கல்யாணம் குறித்திருக்கிறது என்று ஞானபாய் அக்கா சொல்லித்தான் தெரியுமாம். உடனே கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டு எடுத்தாளாம். பகவதி தாம்பூலத்தோடு நேரில் வருவாள் என்று தினமும் வாசலைப் பெருக்கி வைத்துக்கொண்டு இருந்தாளாம். கல்யாண நாள் காலையில்கூட எட்டு மணி வரை பார்த்தாளாம். "விளிக்காத வீட்டுக்கு எப்பிடி மக்கா வருவேன்?" என்றாள். எப்படி வருவாள்? நானும் போக மாட்டேன். இவள் இலையில் போட்டோக்காரர் உட்கார்ந்த அதே நாளில் இவள் பட்டைப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனைக்கும் மார்த்தாண்டம் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறியிருந்தால் ஒரு மணி நேரம். எங்கள் இரண்டு பேர் வீம்பையும் எங்கே போய்ச் சொல்ல?

காதில் வைக்கும் கருவி முருகதாஸ் வாங்கிக் கொடுத்தானாம். "அது வச்சா சத்தந்தான் கேக்கு, பேச்சு கேக்கல்ல" என்று முடிச்சுத் துணியில் கட்டி இடுப்பில் வைத்திருக்கிறாள்.

பிறகு அந்த இருட்டு அறைக்குக் கூட்டிப் போனேன். சத்தம் அவள் காதுக்கு எட்டவில்லை, ஆனால் தரை அதிர்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஊன்றிக்கொண்டாள். முகம் அப்படி மலர்ந்தது. எதிரெதிரே நின்றோம். உள்ளே வந்தவர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, ஒருத்தரிடம் ஒருத்தர் 'என்ன? என்ன?' என்று கேட்டுக்கொண்டு தடுமாறினார்கள். பூங்கனி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"வெளிய எல்லாரும் பேசும்போது எனக்கு ஒண்ணும் கேக்காது. இங்க ஒருத்தருக்கும் கேக்காது" என்றாள் உதட்டால். "இங்க நல்லா இருக்கு மக்கா."

மூன்று வருஷத்துக் கதையும் அங்கேயே பேசித் தீர்த்தோம். என் மருமகன் எப்படி, அவள் மருமகள் எப்படி, பேத்திக்கு யார் சாடை. ஜிஷா வந்து எட்டிப் பார்த்தாள். நான் மீசையை முறுக்கிக் காட்டினேன். பூங்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, தானும் சிரித்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் கேட்டார்: "என்னத்துக்கு இத்தன நேரம்? இப்பமாவது விளிச்சியா?"

"இல்ல" என்றேன்.

"இல்லியா!"

"இப்பிடியா விளிக்கது? மொறைன்னு ஒண்ணு இல்லியா?"

27 ஜனவரி, திங்கள்

நல்ல நேரம் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்து, இவரையும் வேட்டி மாற்றச் சொல்லி, ஒழுகினசேரிக்குப் போனேன். பூங்கனி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இனி சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சொன்னேன். தேதி, இடம், நேரம், முந்தின நாள் காய்வெட்டு, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். 'சரி' என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. "வருவேன்" என்றாள்.

31 ஜனவரி, வெள்ளி

பத்மகுமாருக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. பேத்திக்குச் சளி.

9 பிப்ரவரி, ஞாயிறு

பூங்கனி விடியற்காலையிலேயே சாமித்தோப்புப் பதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் இங்கே வந்துவிட்டாள். கையில் சொந்தக் கத்தி. என் வீட்டுக் கத்தி மேல் அவளுக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. அவியலுக்குக் காய் நறுக்குகிற பெண்கள் வட்டத்தில் என் எதிரே உட்கார்ந்தாள், பக்கத்தில் இல்லை, எதிரே. என் தம்பி பெண்டாட்டி வாய் ஓயாமல் தன் நகைப் பெருமையைப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் தலை நிமிராமல் சேனையை நறுக்கினோம். இடையில் நிமிர்ந்து பூங்கனி ஒன்று சொன்னாள், உதட்டால். அதை எழுத மாட்டேன். நான் சிரித்த சிரிப்பில் விரலை வெட்டிக்கொண்டேன்.

10 பிப்ரவரி, திங்கள்

எல்லாம் நல்லபடி முடிந்தது. பாயசம் கொஞ்சம் தண்ணீராகிவிட்டது, மற்றபடி குறை இல்லை.

பத்மகுமார் மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியை எடுத்ததும் இவர் மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். தவிலும் நாகசுரமும் ஒரே அடியாக எழும்பின. பிள்ளை வாயைப் பிளந்து அழுவது தெரிகிறது, சத்தம் தெரியவில்லை. சிவப்ரியா என்னவோ கத்துகிறாள், மருமகன் 'என்ன?' என்கிறார், ஆளாளுக்கு வாயசைக்கிறார்கள், யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. நான் குத்துவிளக்குப் பக்கம் குனிந்து, பிள்ளை கையில் கொடுக்கக் கற்கண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எதற்காகவோ நிமிர்ந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், மடிப்புக் கோடு இன்னும் போகாத பச்சைப் பட்டில் பூங்கனி. மூக்கு நுனியைத் தொட்டாள்.

"ஏட்டி, முந்தானை" என்றாள்.

குனிந்து பார்த்தேன். விளக்குச் சுடருக்கு ஒரு விரல் தள்ளி என் முந்தானை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.